வெயில் காலத்துக்கு ஏற்ற ஹெல்மெட்: திறந்த முகத் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தலையைக் காப்பதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளை மட்டும் முழங்கையில் மாட்டிக்கொள்கிறோம். பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொள்கிறோம். போலீஸ்காரர் நிற்கும் சந்திப்பு வரும்போது அவசர அவசரமாகத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறோம். வாரை மாட்டுவது கிடையாது. சந்திப்பைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறோம்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வேகுது சார். சித்திரை வெயில்ல அதை மாட்டிக்கிட்டு சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

இந்தப் பதிலைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. வெயிலும் உண்மை, வேக்காடும் உண்மை. ஆகவே 'ஹெல்மெட் போடு' என்று மட்டும் சொல்லாமல், வெயிலில் தாங்கக்கூடிய ஹெல்மெட் எது, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வகையில் முகம் திறந்த ஹெல்மெட் பலருக்குப் பொருத்தமானது. அது தரும் பாதுகாப்பு எவ்வளவு, அதில் நாம் இழப்பது என்ன என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

அடுகோடியும் வெயிலும்

அடுகோடி நம் தமிழ் மக்களுக்குப் புதிய இடமல்ல. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்த பேட்டை. மைக்கோ 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. 2022இல் அதே வளாகம் தொழில்நுட்ப வளாகமாகப் புதுக்கோலம் பூண்டது. ஒரு காலத்தில் சைக்கிள்கள் போன தெருக்களில் இன்று ஸ்கூட்டரும் பைக்குமாக நெரிகிறது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் பிள்ளைகள், கோரமங்களாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஓசூர் ரோட்டைப் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகிறவர்கள் எல்லோரும் இந்தச் சந்திப்புகளில் நின்று நின்றுதான் போக வேண்டும்.

"பெங்களூரில் ஏதய்யா வெயில்? கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊராயிற்றே!" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மின்விசிறி இல்லாத வீடுகளை இந்த ஊரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி இதே நகரத்தில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. தவிர, நம்மவர்கள் பலர் பைக்கிலேயே கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் என்று சொந்த ஊருக்குப் போய் வருகிறார்கள். மலைச்சரிவு இறங்கிவிட்டால் வெயில் வேறு கணக்கு. 2003 மே 31இல் சென்னையில் 45 டிகிரி அடித்ததை மறந்திருக்க மாட்டோம்.

அடுகோடிக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓசூர் ரோட்டின் மேல், நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. தலையில் அடிபட்டவர்களை நாலா திசையிலிருந்தும் அங்கேதான் கொண்டுவருகிறார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிப்போன சத்தம். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு அந்த ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறோம்!

ஹெல்மெட் உண்மையில் என்ன செய்கிறது?

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி.ஈ. லாரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்துபோனார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை உலுக்கியது. இப்படி அநியாயமாகச் சாகிறவர்களைப் பற்றி ஆராய்ந்து 1941இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம், தபால் கொண்டுசெல்லும் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நாம் அணியும் ஹெல்மெட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு சாவு இருக்கிறது.

அப்புறம் அமெரிக்காவில் சி.எஃப். லொம்பார்ட் என்பவர் வெளி ஓட்டுக்குள்ளே அடியை வாங்கி நசுங்கும் ஒரு அடுக்கை வைக்கும் முறைக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஹெல்மெட்டின் உயிர்நாடி இதுதான். வெளி ஓடு பிளாஸ்டிக்கோ ஃபைபரோ, அது அடியைப் பரப்பிவிடும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் 'தூரம்' கொடுக்கும்.

அந்தக் கொஞ்சம் தூரத்துக்கு என்ன மதிப்பு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அவர் சரிந்து விழுந்தாலும், தலை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வெறும் தலையாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அந்த வேகம் அடங்கியாக வேண்டும். ஒன்றரை மீட்டரை இரண்டு மில்லிமீட்டரால் வகுத்தால் 750. அதாவது, புவியீர்ப்பைப் போல் 750 மடங்கு அதிர்ச்சி. தெர்மோகோல் இரண்டு சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அது 75 மடங்காகக் குறைந்துவிடும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் ஐரோப்பாவின் 22.05 என்ற ஹெல்மெட் விதி, சோதனையில் தலைக்கு வரும் அதிர்ச்சி 275 மடங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்ததை வைத்துப் பார்த்தால், 75க்கும் 750க்கும் நடுவில் இருப்பது உயிர் என்பது விளங்கும்.

"பக்கத்துலதானே போறேன், மெதுவாத்தானே போறேன்" என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தலை தரையில் மோதும் வேகத்தில் ஒரு பங்கு, வண்டி ஓடிய வேகத்தால் வருவதில்லை, உயரத்தால் வருகிறது. அது அடுகோடியில் விழுந்தாலும் ஒன்றுதான், நெடுஞ்சாலையில் விழுந்தாலும் ஒன்றுதான்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவதால் சாவின் அபாயம் சுமார் 42 சதவீதமும், தலைக்காயத்தின் அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகின்றன என்று கண்டது.

வேக்காடு எங்கிருந்து வருகிறது?

மீன்காரர் ஐஸ் வைக்கும் தெர்மோகோல் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சூட்டை உள்ளே விடாது என்பதற்காகத்தான் அதில் ஐஸ் வைக்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருப்பதும் அதே சாமான்தான். அப்படியென்றால் உள்ளே ஏன் வேகிறது? ஏனென்றால் அது வெளிச்சூட்டை உள்ளே விடாதது போலவே, உள்சூட்டை வெளியே விடுவதில்லை. ஹெல்மெட்டுக்குள் நாம் உணரும் சூட்டின் பெரும்பகுதி நம்முடைய சொந்தச் சூடு. தலை வியர்க்கிறது, வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்று ஓடவில்லை என்றால் ஆவியாகாமல் வழிந்து கண்ணுக்குள் இறங்குகிறது.

முகம் முழுவதும் மூடிய ஹெல்மெட்டில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நாம் விடும் மூச்சு ஏறக்குறைய உடம்புச் சூட்டோடு, ஈரத்தோடு வருவது. தாடைப் பகுதி அடைத்திருப்பதால் அது அங்கேயே சுற்றுகிறது. வண்டி ஓடும்போது காற்றுத் துளைகள் வேலை செய்யும். சிக்னலில் நின்றுவிட்டால் எந்தத் துளையும் வேலை செய்யாது. ஆக, நின்று நின்று போகும் நகரப் பயணத்தில்தான் வேக்காடு அதிகம்.

முகம் திறந்த ஹெல்மெட் இந்த இடத்தில் கை கொடுக்கிறது. வாயும் மூக்கும் கன்னமும் வெளியே இருப்பதால் மூச்சுக்காற்று தங்குவதில்லை. எடையும் பொதுவாகக் குறைவு. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உச்சந்தலையைப் பொறுத்தவரை திறந்த முகமும் மூடிய முகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே குளிர்ச்சி வேண்டுமென்றால் நல்ல காற்றுத் துளைகள் வேண்டும். "முகம் திறந்திருக்கு, இனி வேகவே வேகாது" என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வெப்பத்தை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு யோசித்த நாடுகள் உண்டு. வியட்நாமில் வெப்ப நாட்டுக்கென்று எடை குறைந்த, துளைகள் வைத்த ஹெல்மெட்டை உள்நாட்டிலேயே தயாரித்தார்கள். 2007 டிசம்பர் 15 முதல் அங்கே எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயமானது. நம் நாட்டிலும் உச்ச நீதிமன்ற உத்தரவின் வழியாக அமைந்த குழு ஒன்று, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற எடை குறைந்த ஹெல்மெட் வேண்டும் என்று 2018 மார்ச்சில் பரிந்துரைத்தது. வெயில் என்பது வெறும் சாக்கு அல்ல என்பதை அரசும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இதற்குப் பொருள்.

மூன்று வகை, மூன்று விலை

கடையில் 'ஓப்பன் ஃபேஸ்' என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களை எடுத்துப் போடுவார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

முதலாவது, அரை ஹெல்மெட். காதுக்கு மேலேயே நின்றுவிடும். பிடரியும் பொட்டும் வெளியே தெரியும். பார்க்கத் தொப்பி மாதிரி இருக்கும். நடைபாதையில் குவித்து வைத்து விற்பதில் பெரும்பகுதி இதுதான். பலவற்றில் உள்ளே தெர்மோகோலே இருக்காது; ஸ்பாஞ்சும் துணியும்தான். ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினால் அடிவரை போய்விடும். அது அடி வாங்காது. இதை வாங்குவது அபராதத்துக்குப் பயந்து வாங்குவதே ஒழிய, தலைக்காக அல்ல. பெங்களூர்ப் போக்குவரத்துப் போலீசாரே இந்த அரை ஹெல்மெட்டுகளை எதிர்த்து இயக்கம் நடத்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது, உண்மையான திறந்த முக ஹெல்மெட். நெற்றி, உச்சி, பொட்டு, இரண்டு காதுகள், பிடரி எல்லாவற்றையும் மூடி, முகத்தை மட்டும் விட்டிருக்கும். 'முக்கால் ஹெல்மெட்' என்றும் சொல்வார்கள். 1950களில் அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர்கள் அணிந்தது இந்த வடிவம்தான். மூடிய முக ஹெல்மெட் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது 1960களின் பிற்பகுதியில்.

மூன்றாவது, தாடையையும் சேர்த்து மூடும் முழு ஹெல்மெட். தாடைப் பகுதியைத் தூக்கிக்கொள்ளும் வகையும் உண்டு. சிக்னலில் தூக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எடை கூடுதல், ஓடும்போது மூடித்தான் ஓட்ட வேண்டும்.

திறந்த முகத்தில் நாம் இழப்பது தாடையை. ஜெர்மனியின் ஹானோவர் நகரில் விபத்துகளை ஆராய்ந்த டீட்மார் ஓட்டே என்பவர், ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருப்பதைக் கண்டார். சின்னப் பங்கு அல்ல இது. திறந்த ஹெல்மெட் மூளையைக் காக்கும். பல்லையும் தாடையையும் காக்காது. தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டிய விலை இது.

ஆகவே என் முடிவு இப்படி. அடுகோடியிலிருந்து ஜெயநகருக்கோ சிவாஜிநகருக்கோ நின்று நின்று போகிற நகரப் பயணத்துக்கு, முழு ஹெல்மெட்டை எப்படியும் கழற்றிவிடுவேன் என்கிறவர் நல்ல திறந்த முக ஹெல்மெட்டை வாங்கி, வாரை மாட்டி, கடைசிவரை கழற்றாமல் ஓட்டட்டும். ஓசூர் தாண்டி நெடுஞ்சாலையில் போகிற நாளில் முழு ஹெல்மெட்டுக்கு மாறிக்கொள்ளட்டும். அங்கே வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் காற்றும் கிடைக்கும். முழு ஹெல்மெட்டை வெயிலிலும் தாங்கிக்கொள்ளக் கூடியவர் அதையே வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல். அரை ஹெல்மெட்டை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒன்று, முத்திரை. 2021 ஜூன் 1 முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்ட விரோதம். முத்திரைக்கு மேலே 'ஐ.எஸ். 4151' என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாக ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அந்த உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கைப்பேசியே சொல்லிவிடும். துபாய், சிங்கப்பூர் உறவினர்கள் வாங்கி வரும் ஹெல்மெட்டில் ஐரோப்பிய முத்திரை இருந்தால் உள்ளே உள்ள எழுத்தையும் பாருங்கள்: திறந்த முகத்துக்கு 'ஜே' என்றும், தாடைப் பாதுகாப்பு உள்ளதற்கு 'பி' என்றும் போட்டிருக்கும்.

இரண்டு, அளவு. தையல்காரரின் நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். ஒரே அளவை ஒரு கம்பெனி நடுத்தரம் என்று சொல்லும், இன்னொன்று பெரியது என்று சொல்லும். ஆகவே எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். தலையில் மாட்டி வாரைப் போட்டபின் தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. "டைட்டா இருக்கேன்னா, "போகப்போக லூசாயிடும் சார்" என்பார் கடைக்காரர். கன்னத்து மெத்தைக்கு அது உண்மை. நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தி வலித்தால் அது போகப்போகச் சரியாகாது; உங்கள் தலையின் வடிவத்துக்கு அது பொருந்தவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் மாட்டிக்கொண்டே கடையில் நில்லுங்கள். வியர்வைக்காகக் கைக்குட்டையோ பருத்திக் குல்லாயோ கட்டும் பழக்கம் இருந்தால், அதைக் கட்டிக்கொண்டே மாட்டிப் பாருங்கள்.

மூன்று, காற்றுத் துளை. வெயில்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இது. வெளி ஓட்டில் அழகாகத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே தெர்மோகோலில் துளையே இருக்காது. வெறும் அலங்காரம்! கைப்பேசி விளக்கை வெளித் துளையில் காட்டி, உள் துணியை விலக்கிப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே வந்தால் காற்றும் வரும். முன்னால் நுழைய வழி இருப்பது போல் பின்னால் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். துளை வேண்டுமென்று வீட்டில் தமரூசி போட்டு நாமே குடைவது கூடவே கூடாது; ஓட்டின் பலம் போய்விடும்.

நான்கு, உள் துணி. கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெயில் ஊரில் இது ஆடம்பரமல்ல. வியர்வை நாற்றம் பிடித்த ஹெல்மெட்டை நாலாம் நாள் யாரும் தலையில் வைக்க மாட்டார்கள்.

ஐந்து, கண்ணாடி. முகம் திறந்திருக்கிறது என்பதற்காகக் கண்ணையும் திறந்து விடக் கூடாது. தாடைவரை இறங்கும் நீளக் கண்ணாடி உள்ளதைப் பாருங்கள். அதற்கும் முகத்துக்கும் நடுவில் கீழிருந்து காற்று வரும். லாரிக்குப் பின்னால் வரும் புழுதியும் மண்ணும் கண்ணில் விழாது. திடீர் மழைக்கும் உதவும். நிறமற்ற கண்ணாடியே நல்லது. கறுப்புக் கண்ணாடி பகலில் சுகம். ஏழு மணிக்கு ஓசூர் ரோட்டில் அதே கண்ணாடியோடு வந்தால் பள்ளமும் தெரியாது, குறுக்கே வரும் ஆளும் தெரியாது. கூலிங் கிளாஸ் வேண்டுமென்றால் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு, நிறம். வெள்ளை வெயிலை ஓரளவு திருப்பிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் காயத்தில் முடியும் விபத்தின் அபாயம் 24 சதவீதம் குறைவு என்று கண்டது. பிறர் கண்ணுக்குத் தெரிவதும் பாதுகாப்புத்தானே!

ஏழு, வார். இதுதான் எல்லாவற்றுக்கும் முடிச்சு. தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வாரை மாட்டியபின், பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முகத்தில் விழுந்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கு ஆகாது. விழும்போது நமக்கு முன்னாலேயே உருண்டு ஓடும் ஹெல்மெட்டால் யாருக்கு லாபம்?

சட்டமும் வாரைச் சேர்த்தே பேசுகிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவில், தலையில் வாரால் உறுதியாகக் கட்டப்பட்டதுதான் தலைக்கவசம். வாரை மாட்டாமல் கவிழ்த்துக்கொள்வது சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட் போட்டதாகவே ஆகாது. மத்தியச் சட்டம் 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்ததைக் கர்நாடகம் அதே ஆண்டு 500 ஆகக் குறைத்தது. நமக்குப் பெரிய கணக்கு அந்த ஐந்நூறு ரூபாய் அல்ல.

பின்னால் உட்காருகிறவர்

பெங்களூரில் ஓட்டுகிறவருக்கு 2006 நவம்பரிலிருந்து ஹெல்மெட் கட்டாயம். பின்னால் உட்காருகிறவருக்கு 2016 ஜனவரியிலிருந்து. ஆனால் இன்றும் அவர் நல்ல ஹெல்மெட்டில் இருப்பார், பின்னால் அம்மாவோ மனைவியோ ஒரு தொப்பி ஹெல்மெட்டில் இருப்பார். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

பெண்களுக்குக் கொண்டை ஒரு சிக்கல். உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் ஹெல்மெட்டை வைத்தால் அது தலையில் உட்காராது, மிதக்கும். கூந்தலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் பின்னிக்கொள்வது நல்லது. மல்லிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் சூடிக்கொள்ளலாம், வாடாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்றிச் சென்றால் அவர்களுக்கேற்ற ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

வாங்கியபின்

கண்ணாடியையும் ஓட்டையும் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள்; பிளாஸ்டிக்கையும் தெர்மோகோலையும் அவை அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். உள் துணியை வாரம் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்துங்கள். வண்டியோடு வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அடுப்பைத் தலையில் வைத்த மாதிரி இருக்கும், அப்புறம் வேகிறது என்று சொல்லத் தோன்றும். ஒரு விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட் தன் கடமையை முடித்துவிட்டது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும். நசுங்கியது திரும்ப எழும்பாது. தம்பிக்குக் கொடுக்காமல் உடைத்துப் போட்டுவிடுங்கள். விபத்தே இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டு ஆனால் மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

நிறைவாக

ஊரிலிருந்து வேலை தேடி வந்து, நம் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும் அக்கா மகனையோ சித்தப்பா பையனையோ நினைத்துப் பாருங்கள். பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு பகலெல்லாம் வெயிலில் சுற்றுகிறான். நடைபாதையில் வாங்கிய தொப்பிதான் தலையில். "மாமா, இதுலயும் போலீஸ் விட்டுடறாங்க" என்கிறான். போலீஸ் விட்டுவிடலாம், தார் ரோடு விடாது. நிம்ஹான்ஸ் வாசலில் டிபன் கேரியரும் போர்வையுமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும். அதில் ஒருவராக அவனுடைய அம்மா வந்து உட்காரும்படி ஆகக் கூடாது.

அவனுக்கு அறிவுரை சொல்வதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாடாவால் தலையை அளந்து, வெளிச்சம் அடித்துத் துளை பார்த்து, முத்திரை பார்த்து, வெள்ளை நிறத்தில் ஒரு திறந்த முக ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். வாரை நீங்களே மாட்டிவிட்டு இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிற செலவுதான் ஆகும். தலையில் வேகாமல் இருந்தால் அவன் கழற்ற மாட்டான்; கழற்றாமல் இருந்தால் அது அவனைக் காக்கும்.